தென்னையின் தலையைப் பார்ப்பது யார்?

1970-ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்துத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரு வானூர்தி பறந்தது. வானூர்தி சோவியத் நாட்டுடையது. அதில் பொருத்தியிருந்த கருவிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கேமராவுக்குள் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதியும் பிலிம். கீழே நிற்கும் தென்னைகளில் வேர் வாடல் நோய் கண்டவை எவை என்று மேலிருந்தே பிரித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. சோதனையை நடத்தியவர் பி. ஆர். பிஷாரடி. வானிலை அறிவியலில் பெயர்பெற்று, இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாயின் அழைப்பில் அந்தத் திட்டத்துக்கு வந்தவர். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா பறந்ததே 1975-இல்தான். அதற்கும் முன்னால், தொலைவிலிருந்தே நிலத்தையும் பயிரையும் படித்தறியும் இந்தியத் தொலையுணர்வுத் துறையின் முதல் பாடம் தென்னை மரத்தின் தலையில் எழுதப்பட்டது. தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியுமுன்பே நோயுற்ற மரங்கள் படத்தில் வேறு நிறத்தில் தெரிந்தன.

பிஷாரடி பிறந்த ஊர் கொல்லங்கோடு. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதையில் இருக்கிறது. அவர் தேடிய அதே நோய் இன்று அந்தப் பாதையின் இந்தப் பக்கத்துக்கும் வந்துவிட்டது. ஆனைமலை, பொள்ளாச்சி, கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் முழுக்க வேர் வாடல் என்பது தோப்புக்காரர்கள் தினமும் பேசும் சொல்லாகிவிட்டது. அன்று ஒரு நாட்டின் விண்வெளித் திட்டமே கைகொடுக்க வேண்டியிருந்த வேலையை, இன்று கால் கிலோ எடையுள்ள ட்ரோன் ஒன்று ஓரளவு செய்துவிடும். எந்த அளவுக்குச் செய்யும், எங்கே கைவிடும் என்பதை விவரமாகத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. ஏனென்றால் இந்த விஷயத்தில் விற்பவர்கள் சொல்வதும் வயலில் நடப்பதும் ஒன்றாக இல்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பெயரில் வேர் இருந்தாலும் நோய்க்குக் காரணம் வேரில் இல்லை. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், மரத்தின் உணவுக் குழாய்களில் குடியேறுகிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. கோட்டயம் பக்கத்து ஈராற்றுப்பேட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பதிவான நோய் இது. காரணி பைட்டோபிளாஸ்மாதான் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிய வந்தது 1980-களில். நூறு ஆண்டுகள் காரணமே தெரியாமல் மரங்களை இழந்திருக்கிறார்கள்.

மரம் உடனே சாகாது. அதுதான் இந்த நோயின் பெரிய தொல்லை. கீற்றுகள் விறைப்பை இழந்து, இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்து, விலா எலும்புக்கூடு போல ஆகும். வெளிவட்ட மட்டைகள் மஞ்சளாகும். ஓரம் கருகும். காய் வருடத்துக்கு வருடம் குறையும். மரம் நிற்கும், தண்ணீர் குடிக்கும், உரம் தின்னும், ஆனால் பூச்சிக்கு நோயை வாரி வழங்கிக்கொண்டே இருக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன ஆதாயம் என்ற கேள்வி இங்கேயே எழும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. முன்பு மரம் ஏறுபவர் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் தலைக்கும் போய் வந்தார். குருத்தில் வண்டு துளைத்திருந்தால், பாளை கருகியிருந்தால், எருவண்டு ஒளிந்திருந்தால் இறங்கி வந்து சொல்வார். இப்போது ஏற ஆளில்லை. பல இடங்களில் கீழே நின்று நீளமான மூங்கிலில் கத்தி கட்டி இழுத்துக் காய் வெட்டுகிறோம். காய் வந்துவிடுகிறது, ஆனால் தலையைப் பற்றிய சேதி வருவதில்லை. அண்ணாந்து பார்க்கும் தோப்புக்காரருக்குத் தெரிவது மட்டையின் அடிப்பக்கமும் அதன் பின்னால் கண்ணைக் கூசும் வானமும்தான். ட்ரோனை நான் மருத்துவராகப் பார்க்கவில்லை. மரம் ஏறுபவரோடு போய்விட்ட அந்தக் கண்ணாகத்தான் பார்க்கிறேன்.

இலை சொல்லும் சேதி

இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது, பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்தப் பாடத்தில் விட்டுப்போன பாதி ஒன்று உண்டு. நல்ல இலை, நம் கண்ணுக்கு எட்டாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி எறிகிறது. பச்சையைவிடப் பல மடங்கு அதிகம். இதற்குக் காரணம் பச்சையம் அல்ல. இலைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுவில் செல்களும் காற்றிடைவெளிகளும் மாறிமாறி இருப்பதால் அந்த ஒளி உள்ளேயே சிதறித் திரும்புகிறது. அகச்சிவப்பில் பார்க்கும் கண் நமக்கு இருந்திருந்தால் தோப்பு முழுக்க வெள்ளை வெளேரென்று ஜொலிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இதைப் பயன்படுத்தினார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த வலைக்குக் கீழே பீரங்கியை மறைத்தால் சாதாரணப் படத்தில் தெரியாது. அகச்சிவப்புப் பிலிமில் உயிருள்ள செடி சிவப்பாகவும், பெயின்ட்டும் வெட்டிப் போட்ட தழையும் வேறு நிறமாகவும் தெரிந்துவிடும். பிஷாரடி பயன்படுத்தியது அந்த வகைப் பிலிமைத்தான்.

நோயோ பஞ்சமோ வந்தால் இரண்டு மாற்றங்கள். பச்சையம் குறைவதால் சிவப்பு ஒளி கூடுதலாகத் திரும்புகிறது. உள்திசு குலைவதால் அகச்சிவப்பு குறைவாகத் திரும்புகிறது. இந்த இரண்டையும் ஒரே எண்ணாக்கியதுதான் என்டிவிஐ என்று எல்லாரும் சொல்லும் கணக்கு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 1972-இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டதை ஒட்டி அமெரிக்காவின் டெக்சாஸில் உருவான கணக்கு அது. செழித்த மரத்துக்கு 0.7, 0.8 என்று வரும். வெறும் மண்ணுக்கு 0.1, 0.2. இடைப்பட்ட எண்களில்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

மூன்று வகைக் கேமரா

மலிவு என்று சொல்லும்போது மூன்று வழிகள் உண்டு. எளிதானது, ட்ரோனோடு வரும் சாதாரணக் கேமரா. அதில் அகச்சிவப்பு கிடையாது. ஆனால் பச்சை, சிவப்பு, நீலம் மூன்றையும் வைத்தே சில கணக்குகள் போடலாம். பச்சையிலிருந்து சிவப்பைக் கழித்து, பச்சையையும் சிவப்பையும் கூட்டி நீலத்தைக் கழித்த எண்ணால் வகுத்தால் வாரி என்ற குறியீடு கிடைக்கும். மட்டை மஞ்சளானால் இந்த எண் பளிச்சென்று விழும். மஞ்சளாவதற்கு முன்னால் உள்ளே நடப்பது இதற்குத் தெரியாது.

இரண்டாவது வழி கொஞ்சம் கைவேலை. டிஜிட்டல் கேமராவின் சில்லு இயல்பாகவே அகச்சிவப்பையும் உணரும். படத்தின் நிறம் கெட்டுவிடும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் அதன் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, சிவப்பை மட்டும் தடுக்கும் நீல வடிகட்டியை வைத்தால், சிவப்புக்கான இடத்தில் அகச்சிவப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் பப்ளிக் லேப் என்ற குழு இதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. 2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைப் பலூனிலும் பட்டத்திலும் கேமரா கட்டிப் படமெடுத்தவர்கள் அவர்கள். 2013-இல் வந்த, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான நோஐஆர் கேமராவோடு பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டு நீலத் தாளும் வந்தது, இந்த வேலைக்காகவே. செலவு சில ஆயிரங்களில் முடியும். ஆனால் நீலத்துக்கான இடத்திலும் அகச்சிவப்பு கசிந்து கலந்துவிடும். எனவே கிடைக்கும் எண் மரத்துக்கு மரம் ஒப்பிடத்தான் உதவும், அதையே உண்மையான என்டிவிஐ என்று எழுதிவைக்கக் கூடாது.

மூன்றாவது, சிவப்பு, அகச்சிவப்பு, இரண்டுக்கும் நடுவிலுள்ள செவ்விளிம்பு என்று ஒவ்வோர் அலைக்கும் தனிக் கண் வைத்த பன்னிறமாலைக் கேமரா. ஆரம்பக்கட்ட வாட்டத்தைச் செவ்விளிம்பில்தான் முதலில் பிடிக்க முடியும். ட்ரோனோடு சேர்த்துச் சில லட்சங்கள் ஆகும். ஒரு தோப்புக்காரர் தனியாக வாங்கும் பொருளல்ல அது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஆராய்ச்சி நிலையமோ வாங்கலாம்.

அறிகுறிக்கு முன்பே கண்டுபிடிக்கும் என்ற விளம்பரத்தை இங்கே எடைபோட வேண்டும். அது பொய் அல்ல. இத்தாலியின் புலியா பகுதியில் 2013-இல் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியா ஆலிவ் மரங்களை லட்சக்கணக்கில் கொன்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலையிலேயே நோயுற்ற ஆலிவ் மரங்களை வானிலிருந்து பிரித்துக் காட்ட முடியும் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது விமானத்தில் ஏற்றிய நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் கொண்ட கருவி, அதோடு வெப்பக் கேமராவும். அந்த முடிவைக் காட்டி, கழுத்தில் தொங்கவிடும் அளவு ட்ரோனை விற்பது சரியல்ல.

மேலிருந்து தெரிவதும் தெரியாததும்

தென்னை மற்ற மரங்களைப் போலல்ல. மாமரத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு பச்சை மேடு. பக்கத்து மரத்தோடு கிளை பின்னிக்கொண்டால் எது எங்கே முடிகிறது என்று கணினிக்கும் தெரியாது. தென்னைக்குக் கிளை இல்லை. முப்பது நாற்பது மட்டைகள் ஒரு மையத்திலிருந்து சக்கர ஆரம் போல விரிகின்றன. 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 நட்சத்திரங்கள், வரிசை பிசகாமல். டீப்ஃபாரஸ்ட் போன்ற இலவச மென்பொருளுக்கு நம் தோப்புப் படங்களைக் கொஞ்சம் காட்டிப் பழக்கினால் மரங்களைத் தானே எண்ணிக் கட்டம் போட்டுத் தந்துவிடும். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பின்தொடர இவ்வளவு வசதியான மரம் வேறில்லை என்றே சொல்வேன்.

ஆனால் மேலிருந்து தெரிவது நடுவட்டமும் குருத்தும், அதாவது இளசான பகுதி. பழைய மட்டைகள் அவற்றுக்கடியில் பாதி மறைந்திருக்கும். வேர் வாடலில் மஞ்சள் முதலில் தெரிவது வெளிவட்டப் பழைய மட்டைகளில். நிறத்தை மட்டும் நம்பினால் ட்ரோன் தாமதமாகத்தான் சொல்லும். நான் நிறத்தைவிட வடிவத்தை நம்பச் சொல்வேன். நல்ல மரத்தில் கீற்றுகள் தட்டையாக விரிந்து நிலத்தை மூடும். வாடல் கண்ட மரத்தில் அவை உள்ளே வளைவதால், மேலிருந்து பார்க்கும்போது மட்டை ஒடுங்கித் தெரியும். இரண்டு மட்டைகளுக்கு நடுவே மண் தெரியும். நட்சத்திரம் மெலிந்துபோகும். தலையின் வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் ஓலை, எத்தனை சதவீதம் இடைவெளி என்று அளப்பதற்கு அகச்சிவப்பே வேண்டாம். சாதாரணக் கேமரா போதும்.

காண்டாமிருக வண்டு இன்னும் எளிது. மடிந்திருக்கும் குருத்தை அது கடித்துவிடும். குருத்து விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள் வரிசையாகத் தெரியும். விரிந்து சில வாரமே ஆன மட்டைகள் மேலே இருப்பதால் ட்ரோன் படத்தில் தப்பாது. அந்த வெட்டு எத்தனையாவது மட்டையில் இருக்கிறது என்று எண்ணினால் வண்டு எப்போது வந்தது என்றும் கணக்கிடலாம், ஏனென்றால் தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடுகிறது.

சிவப்புக் கூன்வண்டில் கதை வேறு. புழு தண்டுக்குள் தின்றுகொண்டிருக்கும். நடுக்குருத்து சாய்ந்த பிறகுதான் மேலே அடையாளம். அப்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். தண்டில் காது வைத்துக் கேட்பதும், துளையில் வழியும் பழுப்புச் சாற்றைப் பார்ப்பதும்தான் அதற்கு வழி. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் பரவியதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர்பெற்ற நோயும் அப்படித்தான். அடித்தண்டில் சாறு கசியும், அதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

சுருள் வெள்ளை ஈ ட்ரோனைக் குழப்புவதில் முதலிடம் பிடிக்கும். இந்தியாவில் அது முதலில் பதிவானதே 2016-இல் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். ஈ இருப்பது ஓலையின் அடிப்பக்கம், மேலிருந்து தெரியாது. ஆனால் அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழுள்ள ஓலைகளின் மேற்பக்கத்தில் சொட்டி, அதில் கரும்பூஞ்சணம் படரும். ஓலை கரி பூசியதுபோல ஆகிவிடும். கரி எந்த ஒளியையும் திருப்பாது. என்டிவிஐ கிடுகிடுவென்று விழும், எண் குறைந்த இடத்தைச் சிவப்பில் காட்டும் வரைபடத்தில் மரம் சிவப்பாகிச் செத்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் ஒரு நல்ல மழை அடித்து, அந்த ஈயைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் பெருகினால் அந்த மரம் தேறிவிடும். இதைப் பார்த்துப் பதறி மருந்தடித்தால் அந்தக் குளவியைத்தான் கொல்வோம். படம் பார்த்து மருந்தடிக்கும் பழக்கம் வருவதைவிட ட்ரோனே இல்லாமல் இருப்பது மேல்.

இதேபோல சாம்பல்சத்துக் குறைவாலும் மட்டை மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தாலும் மஞ்சள்தான். சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு வரிசையே வாடும். பாறை மேலே இருக்கும் இடத்தில் நாலு மரம் எப்போதும் சோகையாக நிற்கும். எண் எல்லாவற்றையும் ஒரே சிவப்பாகத்தான் காட்டும். எந்த மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது படத்திலிருந்து தெரியும், ஏன் வாடியது என்பது மரத்தடிக்குப் போனால்தான் தெரியும்.

பறக்கவிடும் முறை

இதில் பலர் சறுக்குவது உயரத்தில். 50 மீட்டரில் பறந்தால் சாதாரணச் சிறு ட்ரோனுக்குத் படத்தின் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் 2 செ.மீ.-க்கும் குறைவு. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் நாம் படமெடுப்பது தரையை அல்ல. மரம் 20 மீட்டர் என்றால் கேமராவுக்கும் தலைக்கும் 30 மீட்டர்தான் இடைவெளி. படத்துக்குப் படம் 75 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும் என்று செயலியில் வைத்திருப்போம். அது தரைக்கான கணக்கு. மரத்தின் தலையில் அது 58 சதவீதமாகச் சுருங்கிவிடும். படங்களை ஒட்டும்போது மட்டைகள் இரட்டையாகும், பாதி மரம் காணாமல் போகும். 70 மீட்டரில் பறந்து, 80 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்தால் இந்தத் தொல்லை வராது. அந்த உயரத்திலும் ஒரு மரத்தின் தலை 450 பிக்சல் அகலத்துக்குக் கிடைக்கும், வண்டு வெட்டு தெரிய அது தாராளம். ஐந்து ஏக்கர் தோப்பு நூறு படங்களுக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓலை ஆடினால் மென்பொருளால் ஒரே மட்டையை இரண்டு படங்களில் அடையாளம் காண முடியாது. ஆடி மாதத்தில் பறக்கவிடுவதே வீண். காற்று எழுமுன் காலையில் பறப்பது நல்லது, ஆனால் வெயில் சாய்வாக இருந்தால் நிழல் நீண்டு எண்களைக் கெடுக்கும். காற்றில்லாத நாளாகப் பார்த்து பத்து மணிக்கு மேல் பறப்பது ஒரு சமரசம். மேகம் வந்து வந்து போகும் நாளைவிட முழுக்க மேகமூட்டமான நாள் தேவலை. கேமராவின் வெளிச்ச அளவையும் வெண்மை அளவையும் தானியங்கியில் விடக் கூடாது. விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நிறம் மாறும், போன மாதப் படத்தோடு ஒப்பிடவே முடியாது. மங்கலான சாம்பல் நிறப் பலகை ஒன்றைத் தோப்பின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்துப் படத்தில் வரும்படி எடுத்தால், பிறகு வெளிச்ச வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம்.

படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்க ஓபன்ட்ரோன்மேப், அதன் மேல் கணக்குப் போட கியூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். நல்ல கணினி ஒன்று இருந்தால் போதும்.

சரி, இனிதான் முக்கியமான வேலை. வரைபடம் கிடைத்ததும் மரங்களுக்கு எண் கொடுக்க வேண்டும். வரிசை எண், மர எண். அதே எண்ணை மரத்திலும் பெயின்ட்டில் எழுத வேண்டும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே உயரம், அதே நேரம், அதே பாதை. ஒரே ஒருமுறை விலையுயர்ந்த கேமராவில் எடுத்த படம் சொல்வதைவிட, சாதாரணக் கேமராவில் எட்டு முறை எடுத்தது அதிகம் சொல்லும். காரணம் எளிமையானது. 7-ஆம் வரிசை 12-ஆவது மரம் இயல்பிலேயே கொஞ்சம் வெளிறிய மரமாக இருக்கலாம், அதன் எண்ணைப் பக்கத்து மரத்தோடு ஒப்பிட்டால் தவறாகப் போகும். அதையே அதன் போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் மட்டும் தனியே தெரியும்.

பருவமும் இங்கே உதவும். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பற்றாக்குறையால் வாடிய மரம், வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் எடுத்த படத்தில் விரிந்து நிற்கும். வேர் வாடல் கண்ட மரம் மழைக்குப் பிறகும் மெலிந்தே நிற்கும். கோடைப் படத்தில் நாற்பது மரங்கள் சிவப்பாக இருந்து, மழைக்குப் பிந்தைய படத்தில் ஒன்பது மட்டும் மிஞ்சினால், அந்த ஒன்பதின் அடியில்தான் போய் நிற்க வேண்டும். எந்தக் கேமராவாலும் ஒரே நாளில் தர முடியாத விடை இது.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகைக்கும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நம் தோப்பு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம், ஆனைமலைப் புலிகள் காப்பகம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டுத் தயாரிப்பு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருப்பதால், வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் மலிவு விலை இங்கே அப்படியே பொருந்தாது. மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கப்படுபவை மருந்து தெளிக்கும் ட்ரோன்கள், படமெடுக்க உகந்தவை அல்ல. ஆனால் அந்தப் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். படமெடுக்கும் சிறு ட்ரோன் ஒன்று குழுவிடம் கூடுதலாக இருந்தால், இருபது தோப்புகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்று வருவது அவர்களால் முடியக்கூடிய வேலை.

இப்போது, மருந்தில்லாத நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து என்ன செய்வது? செய்ய வேண்டியது இரண்டு விதம், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து. தோப்பில் ஒன்றிரண்டு மரம்தான் என்றால் உடனே வெட்டி அப்புறப்படுத்துவது மற்ற மரங்களைக் காக்கும். பாதித் தோப்புக்குப் பரவிவிட்டால், வருடத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரங்களை மட்டும் எடுத்துவிட்டு, மீதிக்குத் தொழுவுரம், வேப்பம்பிண்ணாக்கு, மக்னீசியம் சல்பேட், வட்டப்பாத்தியில் சணப்பை என்று ஊட்டம் கொடுத்துக் காய்ப்பை நிறுத்திவைப்பது. காலியான இடத்தில் காயங்குளம் மண்டலத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வான கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள பிள்ளைகளை நடுவது. முதல் நிலையில் இருக்கிறோமா, இரண்டாம் நிலையிலா என்று தெரியாமல் எடுக்கும் முடிவுதான் இன்று அதிகம் நடக்கிறது. சிலர் காப்பாற்றக்கூடிய தோப்பை விட்டுவிடுகிறார்கள். சிலர் நன்றாகக் காய்க்கும் மரத்தையும் பயத்தில் வெட்டுகிறார்கள். மர எண்ணோடு கூடிய ஒரு வருடப் படப் பதிவு இருந்தால் இந்தக் கேள்விக்குக் கண்ணெதிரே விடை இருக்கும். சந்தேகமான மரங்களின் பட்டியலை ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திடம் காட்டிக் கேட்கவும் முடியும்.

இலங்கையில் 2006 வாக்கில் வெலிகமவில் தென்பட்ட இலை வாடல் நோயும் பைட்டோபிளாஸ்மாவால்தான். அங்கே நோய்ப் பகுதியைச் சுற்றி எல்லை வகுத்து, அந்த எல்லையில் நோய் கண்ட மரங்களை அரசே வெட்டி எடுத்தது. அப்படி ஓர் எல்லையைக் காப்பதற்கு, புதிதாக எந்த ஊரில் எத்தனை மரம் மெலிகிறது என்ற சேதி தொடர்ந்து வர வேண்டும். தனித்தனித் தோப்புக்காரர்களின் படங்களை ஊராட்சி வாரியாக ஒன்றுசேர்த்தால் பொள்ளாச்சி வட்டாரத்துக்கே அப்படியொரு வரைபடம் உருவாகும். அதைச் செய்ய நான் அறிந்தவரை யாரும் பொறுப்பேற்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தோப்பின் ஓரத்தில் ட்ரோன் திரும்பும் இடங்களில் பக்கத்துத் தோப்பின் இரண்டு வரிசைகளும் எப்போதும் படத்தில் விழுந்துவிடும். அவை நம் கணக்கில் வராது என்று மென்பொருளில் வெட்டி எறிவதுதான் வழக்கம். வெட்ட வேண்டாம். பூச்சிக்கு வேலி தெரியாது. அந்த இரண்டு வரிசைகளில் நட்சத்திரம் மெலிந்த மரம் ஒன்று இருந்தால், படத்தை அலைபேசியில் எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டிப் போய், "அண்ணா, உங்க மேற்கோரத்து மூணாவது மரத்த ஒரு எட்டு பாத்துருங்க" என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.